நானூற்றுப் பன்னிரண்டாம் படி

லைன்மேன் சண்முகையா வீட்டு மாடிப்படி பதினெட்டிலிருந்து பத்தொன்பதானது ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மகள் சுபிக்ஷாவை இதய டாக்டரிடம் காட்டிவிட்டு வந்த மறுநாள் காலை. காபி கொண்டுபோன அவர் மனைவி ராமலட்சுமிதான் அதை முதலில் கண்டாள்; கண்டாள் என்பதைவிட, மாடி வந்துவிட்டதென்று அவள் எடுத்துவைத்த கால் இன்னொரு படியில் இடித்துக்கொண்டது, காபி சிந்தியது, அவள் இறங்கி வந்து, "ஏங்க, படி ஒண்ணு கூடியிருக்கு" என்றாள். சண்முகையா காக்கிச் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டே, "கொத்தனார் அப்பவே சரியா எண்ணியிருக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

வீடு கோவில்பட்டியில், ரயில் பாதைக்கு மேற்கே, ஜோதி நகர் நான்காம் தெருவில் இருந்தது. கீழே ஒரு ஹால், ஒரு படுக்கையறை, அடுப்படி. மொட்டை மாடியில் ஒற்றை அறை. பிளஸ் டூ படிக்கிற பிள்ளைக்குத் தனி இடம் வேண்டுமென்று ஜூன் மாதம் அந்த அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். ஜூலையில் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்திருந்த சுபிக்கு இரண்டு கையும் மரத்துப்போய், மூச்சு உள்ளே போகாமல், தான் இப்போதே செத்துவிடுவோம் என்று தோன்றியது. பத்து நிமிஷத்தில் அது போய்விட்டது, ஆனால் மறுபடி எப்போது வருமோ என்கிற பயம் போகவில்லை. அது பஸ்ஸில் வந்தது, பிரேயரில் வந்தது, பிறகு பள்ளிக்கூடத்து யூனிபாரத்தைக் கொடியில் பார்த்தாலே வந்தது. அப்படித்தான் இதய டாக்டரிடம் போனார்கள். அவர் நீளக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமில்ல" என்று சொல்லி சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் சண்முகையா, நெஞ்சிலிருந்த பாரம் இறங்கின சந்தோஷத்தில், "ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டார்ல, இனி என்ன" என்றார்.

"அப்ப நான் நடிக்கிறேனாப்பா?" என்று கேட்டாள் சுபி.

"சேச்சே, யார் சொன்னா. ஒண்ணுமில்லைன்னுதான சொல்றேன்."

அதற்குப் பிறகு அவள் ஊர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். மறுநாள்தான் அந்தப் பத்தொன்பதாம் படி.

புரட்டாசியில் படி நாற்பதைத் தாண்டியபோது கொத்தனாரைச் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்துபோனது. அறை மொட்டை மாடியை விட்டு மேலே போயிருந்தது. கீழே தூண் கிடையாது, சுவர் கிடையாது, படி மட்டும்தான் அதைத் தாங்கிக்கொண்டு நின்றது. ஆனால் அசையவில்லை, ஐப்பசி மழைக் காற்றுக்கும் அசையவில்லை. அறையில் சுபி படுத்திருந்தாள். அவள் பள்ளிக்கூடத்தை நிறுத்தி நாற்பது நாளாகியிருந்தது. ராமலட்சுமி காலையில் ஒரு தடவை ஏறினாள், சண்முகையா வேலைக்குப் போகுமுன் ஒரு தடவையும் வந்த பின் ஒரு தடவையும் ஏறினார். தூக்குவாளியைக் கதவருகே வைத்துவிட்டு, பழைய வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள்; பாதி நாள் பழைய வாளி வைத்தபடியே கனத்தது.

தெரு இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் வாரம் பார்க்க வந்தார்கள், இரண்டாம் வாரம் பழகிவிட்டார்கள், மூன்றாம் வாரத்திலிருந்து அதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கத் தொடங்கினார்கள். கேபிள்காரர் வயரை நாற்பத்தைந்தாம் படியில் ஒரு சுற்றுச் சுற்றி அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனார். காலையில் ஓட்டப் பயிற்சி செய்கிற போலீஸ் தேர்வுப் பையன்கள் அறுபதாம் படிவரை ஏறி இறங்கினார்கள், ராமலட்சுமி விளக்குமாறோடு வந்து நிற்கும்வரை. நகராட்சியிலிருந்து வந்தவர் டேப்பை நீட்டிப் பார்த்து, போதாமல் சுருட்டிக்கொண்டு, மேலே போன அறைக்கு விதி எதுவும் எழுதவில்லையே என்று யோசித்தபடி மோர் குடித்துவிட்டுப் போனார். எதிர்வீட்டு அந்தோணியம்மாளுக்கு மட்டும் நிஜமான இடைஞ்சல் வந்தது, படியின் நிழல் அவள் வத்தல் காயப்போடும் முற்றத்தில் விழுந்தது. அவள் வாய் திறக்காமல் மணிக்கொரு தரம் பாயை நகர்த்தி நகர்த்தி வெயிலைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

பிறகு எல்லோரும் உதவ வந்தார்கள். அந்தோணியம்மாள் மாதா கோவில் எண்ணெயோடு ஏறினாள், மளிகைக்கடை சேட்டுபாய் பள்ளிவாசலில் ஓதிய கயிற்றோடு ஏறினார், ராமலட்சுமியின் அண்ணன் சாத்தூரிலிருந்து குடும்பத்தோடு வந்து குடும்பத்தோடு ஏறினார். ஏறியவர்கள் எல்லோரும் மூச்சு வாங்கக் கதவருகே நின்று, மனசார, ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். "ஒண்ணுமில்ல தாயி, எல்லாம் சரியாயிரும்." "உனக்கு என்ன குறை, ஒண்ணுமில்ல, எந்திரிச்சு வா." "ஒண்ணுமில்லாததுக்குப் போயி இப்படிப் படுத்துக்கிட்டா எப்படி?" சாத்தூர்க்காரர்கள் வந்துபோன ஞாயிற்றுக்கிழமை மட்டும் பதினோரு படி கூடியது. அதற்குள் கார்த்திகை வந்துவிட்டது, முந்நூறு தாண்டிவிட்டது, சண்முகையாவின் வலது முழங்கால் ஏறும்போது ஒரு சத்தமும் இறங்கும்போது வேறு சத்தமும் போட்டது.

காரணம் தெரிந்தது யாருடைய அறிவாலும் அல்ல. ஒரு நாள் ராமலட்சுமி கடைசிப் படியில் நின்றபடி போனில் அண்ணனிடம் பேசினாள். பள்ளிக்கூடத்துக்கு ஏன் இன்னும் போகவில்லை என்று அவர் கேட்டதற்கு, "ஒண்ணுமில்லண்ணே, லேசாத் தலைவலி" என்றாள், சொல்லி வாய் மூடுமுன் காலடியில் புதுப்படி ஒன்று முளைத்து அவளை ஒரு சாண் மேலே தூக்கியது. அவள் போனை வைத்துவிட்டு, நம்ப முடியாமல், தெருவைப் பார்த்து மெதுவாக, "என் மகளுக்கு ஒண்ணுமில்ல" என்றாள். இன்னொரு சாண். முந்நூற்று எண்பத்தெட்டு.

சாயங்காலத்துக்குள் தெருவுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. அந்தச் சொல்லை இனி யாரும் சொல்லக் கூடாதென்று முடிவானது. சுபியைப் பற்றிப் பேசும்போது சொல்லாமலிருந்தால் போதும்தான். ஆனால் எது அவள் காதில் விழும், எது விழாது என்று யாருக்குத் தெரியும், எதற்கு வம்பு என்று மொத்தமாகவே விட்டுவிட்டார்கள். விட்ட பிறகுதான் அதை எவ்வளவு புழங்கியிருக்கிறோம் என்பது தெரிந்தது. சில்லறை இருக்கா என்றால் சேட்டுபாய் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். என்ன குழம்பு என்று கேட்டால் ரசத்தைக் குழம்பென்று சொல்ல வேண்டியிருந்தது. ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு என்று புருஷன் கேட்டால் பெண்டாட்டிக்கும், ஏன் லேட்டு என்று பெண்டாட்டி கேட்டால் புருஷனுக்கும் வழக்கமான பதில் கைவசமில்லாமல், வேறு வழியின்றி உண்மையைச் சொல்ல நேர்ந்தது. அந்த வாரத்தில் நான்காம் தெருவில் மூன்று சண்டையும் இரண்டு சமாதானமும் நடந்தன. அந்தோணியம்மாளின் மகன் துபாயிலிருந்து பேசும்போது, "என்னம்மா, குரல் கம்மிப் போயிருக்கு" என்று கேட்டான். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். படியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "கால் வலிக்குய்யா. உங்கப்பா நெனப்பு வேற" என்றாள். "எனக்கும்தாம்மா" என்றான் அவன்.

படி கூடுவது நின்றது. ஆனால் குறையவில்லை. சும்மா இருக்கவும் யாருக்கும் முடியவில்லை. அந்தச் சொல்லுக்குப் பதிலாக, "தைரியமா இரு," "நல்லதையே நினை," "நாங்கல்லாம் அந்தக் காலத்துல படாததா" என்று வேறு சொற்களை எடுத்துக்கொண்டு ஏறினார்கள். இவற்றுக்கு அரைப்படி முளைத்தது. முழுப்படியாவது தேவலை, அரைப்படியில் கால் தட்டும், இருட்டியதும் தட்டும், வாளி தூக்கிக்கொண்டு போகையில் கட்டாயம் தட்டும். நாற்பத்தெட்டு அரைப்படி முளைத்த பிறகு, ராமலட்சுமி படிக்குக் கீழே ஒரு கயிற்றைக் குறுக்கே கட்டி, "யாரும் ஏற வேண்டாம், உங்க காலுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள். எல்லாம் சேர்த்து முழுப்படிக் கணக்கில் நானூற்றுப் பன்னிரண்டு.

அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு என்று ஒன்று இருப்பதாகச் சண்முகையாவுக்கு வேலை நிமித்தமாகத் தெரியும். அங்கே மீட்டர் பார்த்திருக்கிறார். ராமலட்சுமி, "அங்கயா? யாராவது பாத்தா நாளைக்குப் பிள்ளைக்கு..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் அடுப்படிக்குள் போய்விட்டாள். அவர் காக்கிச் சட்டையோடே போய் வரிசையில் உட்கார்ந்தார், பார்ப்பவர்கள் வேலைக்கு வந்திருப்பதாக நினைக்கட்டும் என்று. அப்படியேதான் நினைத்தார்கள், பக்கத்திலிருந்தவர், "மேல அந்த பேன் ஓடலை, என்னன்னு பாருங்க" என்றார். சண்முகையா ஸ்டூலைப் போட்டு ஏறி அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி வந்து வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்தவர் கொஞ்சம் தள்ளி இடம் விட்டார்.

டாக்டர் ஒரு பெண். காலையிலிருந்து எழுபது பேரைப் பார்த்த முகம்.

"பிள்ளை எங்க?"

"மேல இருக்காம்மா. எறங்க மாட்டேங்கா."

"எத்தனை படி?"

"நானூத்திப் பன்னெண்டு."

அவர் எழுதிக்கொண்டார். சாப்பாடு, தூக்கம், எத்தனை நாளாக என்றெல்லாம் கேட்டு அதையும் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை வைத்துவிட்டு, "சாகணும்னு தோணுதுன்னு சொல்லியிருக்காளா?" என்றார்.

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"நீங்க கேட்டீங்களா?"

"அதைப் போயி எப்படிம்மா கேக்க? கேட்டா, இல்லாத நெனப்பை நம்மளே உண்டாக்குன மாதிரி ஆயிராதா?"

"கேக்குறதால வராது. ஏற்கெனவே இருந்தா, சொல்றதுக்கு ஒரு ஆள் கிடைக்கும், அவ்வளவுதான். சுத்தி வளைக்காம நேராக் கேளுங்க. பதில் எதுவா இருந்தாலும் எந்திரிச்சு வந்துராதீங்க, பிரசங்கம் பண்ணாதீங்க, கூட உட்காருங்க. இருக்குன்னு சொன்னா ஒரு நிமிஷம் தனியா விடாதீங்க, எனக்கு உடனே போன் பண்ணுங்க." அவர் சீட்டில் எண்ணை எழுதினார். "இது வியாதி. மருந்து இருக்கு, பேசுறதுக்கு ஆள் இருக்கு. நாள் ஆகும். யார் தப்பும் இல்ல. நீங்க சாப்பிட்டீங்களா?"

கேட்டது தன்னைத்தான் என்று புரிய சண்முகையாவுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

சுபியிடம் நேராகக் கேட்கச் சொன்ன அந்தக் கேள்வியை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மூன்று தடவை அதை நானூற்றுப் பன்னிரண்டு படி தூக்கிக்கொண்டு ஏறினார், மூன்று தடவையும் அப்படியே இறக்கிக்கொண்டு வந்தார். கதவருகே நின்றதும் அவர் வாயிலிருந்து வந்தது, "பருப்புச் சாதம்தான், அப்பளம் இருக்கு" என்பதுதான்.

மூன்றாம் நாள் முற்பகலில் இளையரசனேந்தல் ரோட்டில் ஒரு கம்பத்தில் வேலை. கூட வந்த லைன்மேன் தவசி துணை மின்நிலையத்துக்குப் போன் போட்டு, லைனை நிறுத்தச் சொல்லி, நிறுத்தியாச்சென்று பதில் வாங்கிக்கொண்டு, "அண்ணே, லைன்ல ஒண்ணுமில்ல, ஏறுங்க" என்றான். வேலையில் அது எல்லா நாளும் சொல்கிற சொல், நான்காம் தெருவின் தடை அங்கே செல்லாது. சண்முகையா ஏறவில்லை. எப்போதும் போல, கம்பியில் கரண்ட் மிச்சமிருந்தால் தரைக்கு இறக்கிவிடும் எர்த் ராடை எடுத்து, தரையில் முளையடித்து, கம்பி மூன்றிலும் ஒவ்வொன்றாக மாட்டினார்.

"அதான் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்கள்லண்ணே. வெயில் மண்டையப் பொளக்குது."

"சொல்லுவாங்கய்யா. தொட்டுப் பாக்கணும்ல."

சொல்லிவிட்டு அவர் ராடைப் பிடித்தபடி நின்றுவிட்டார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாளும் அவர் அந்தச் சொல்லை நம்பிக் கம்பத்தில் கால் வைத்ததில்லை. யார் சொன்னாலும் நம்பியதில்லை. தவசி, "என்னண்ணே, எதுவும் அடிச்சிருச்சா?" என்று கேட்டான். "இல்ல" என்று சொல்லிவிட்டு மேலே ஏறி வேலையை முடித்தார், இறங்கினார், அரை நாள் லீவு சொல்லிவிட்டு, இடுப்புக் கயிற்றைக்கூட அவிழ்க்காமல் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு வாளி இல்லாமல் வெறுங்கையோடு ஏறத் தொடங்கினார். நூறில் ஒரு தடவை உட்கார்ந்தார், இருநூற்றைம்பதில் ஒரு தடவை, அரைப்படிகள் தொடங்கிய இடத்தில் சும்மா ஒரு தடவை. மேலே போய்க் கதவைத் தட்டி, பதில் வராமல், அதைத் தள்ளித் திறந்து உள்ளே போய் தரையில் உட்கார்ந்தார். இத்தனை மாதத்தில் அவர் உள்ளே போய் உட்கார்ந்தது அன்றுதான்.

சுபி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எண்ணெய் காணாத தலை.

"சாப்பாடு வேண்டாம்ப்பா."

"கொண்டு வரலை." மூச்சு அடங்கும்வரை காத்திருந்தார். "சுபி, ஒண்ணு கேக்கேன். செத்துப் போயிரலாம்னு உனக்குத் தோணுதாம்மா?"

வெளியே எங்கோ கீழே ரயில் போனது. அது போய் முடிந்த பிறகும் அவர் எழுந்துகொள்ளவில்லை.

"சில நாள்" என்றாள்.

"இன்னைக்கு?"

"இன்னைக்கு இல்ல. நேத்து இருந்துச்சு. நிறைய."

சண்முகையாவின் வாய்க்குள் அந்தச் சொல் தானாக உருண்டு வந்தது. அதைவிட வேறெதுவும் இந்த உலகத்தில் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. அதைச் சொல்லி, அவளை நம்பவைத்து, தானும் நம்பிவிட்டால் போதும் என்றிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். அது தொண்டையில் நின்று, பிறகு காய்ந்த சோற்றுருண்டை மாதிரி மெதுவாக உள்ளே இறங்கியது.

"தனியாவே வச்சுக்கிட்டு இருந்திருக்க" என்றார். "பாரமா இருந்திருக்குமே."

அவள் திரும்பிப் பார்த்தாள். "திட்டலையா?"

"எதுக்குத் திட்ட?"

"அம்மாகிட்டச் சொல்லாதீங்க. பயந்துருவாங்க."

"சொல்லத்தான் செய்யணும். பயப்படட்டும். நானும் பயந்துதான் உக்காந்திருக்கேன். பயந்துக்கிட்டே சேர்ந்து இருப்போம், என்ன இப்ப."

அவள் அழுதாள். அவர் கையை அவள் பாதத்தின்மேல் வைத்தார், எடுக்கவில்லை. பிறகு இன்னொரு கையால் டாக்டருக்குப் போன் போட்டார், ராமலட்சுமிக்குப் போன் போட்டார். ராமலட்சுமி ஒரு மணி நேரத்தில் ஏறி வந்தாள். கணவர் சொன்னதைக் கேட்டாள், கட்டிலில் ஏறி மகளுக்குப் பின்னால் ஒட்டிப் படுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து இருவரில் ஒருவர் எப்போதும் அந்த அறையில் இருந்தார்கள். டாக்டர் காலையும் மாலையும் போனில் சுபியோடு பேசினார். அனுப்பிய மாத்திரையை ராமலட்சுமி தன் இடுப்பில் முடிந்துவைத்து, வேளைக்கு ஒன்று கையில் கொடுத்தாள்.

ஐந்தாம் நாள், ஆஸ்பத்திரிக்கு வருவதாகச் சுபியே சொன்னாள். இறங்கத் தொடங்கினார்கள். அப்பா ஒரு படி முன்னால், அம்மா ஒரு படி பின்னால். இருநூற்றாறில் அவளுக்குக் கை மரத்தது, மூச்சு முட்டியது, அதற்குமேல் ஒரு படிகூட முடியாது என்று உட்கார்ந்துவிட்டாள். மேலே ஏறவும் முடியாது என்றாள். சண்முகையா, "சரி, இங்கயே இருப்போம்" என்றார்.

அப்படித்தான் அந்தக் குடும்பம் மார்கழியில் ஒன்பது நாள், இருநூற்றாறாம் படியில் தொடங்கி, படியிலேயே குடியிருந்தது. தார்ப்பாய் கட்டினார்கள். தெரு கயிற்றைத் தாண்டி மேலே வந்தது, ஆனால் ஒவ்வொருவராக. சேட்டுபாய் ஸ்டவ் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார், தவசி ஒரு பல்பு போட்டுக் கொடுத்தான். அந்தோணியம்மாள் தினமும் வந்து, இரண்டு படி கீழே உட்கார்ந்து, முருங்கைக்கீரை உருவினாள். பழைய சொற்கள் எதுவும் மிச்சமில்லாததால் அவள் பேசாமலே உருவினாள். மூன்றாம் நாள் சுபி ஒரு கொத்தை எடுத்துத் தானும் உருவினாள். "காம்பு சேருது பாரு" என்றாள் கிழவி. "சேந்தா என்ன, கழுத்தையா அறுக்கும்?" என்றாள் சுபி. ராமலட்சுமி திரும்பி உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சில நாள் ஐம்பது படி இறங்கினாள், சில நாள் பத்து, ஒரு நாள் ஏழு படி திரும்ப ஏறிவிட்டாள், அன்று யாரும் எதுவும் சொல்லவில்லை. தார்ப்பாயும் கூடவே ஏறி இறங்கியது. படிகளின் எண்ணிக்கை குறையவில்லை. அது அங்கேயேதான் நிற்கிறது, நான்காம் தெருவில் இன்றும் வழி கேட்பவர்களுக்கு அதுதான் அடையாளம். பத்தாம் நாள் காலை எட்டு மணிக்குச் சுபி தரையில் கால் வைத்தபோது தெருவில் எல்லோருக்கும் வேறு பக்கம் பார்க்க அவசர வேலை இருந்தது. ஆட்டோ வந்தது.

வரிசையில் முப்பத்தொன்றாம் எண். அழைத்தபோது மூவரும் உள்ளே போனார்கள். டாக்டர் சண்முகையாவைப் பார்க்கவில்லை, ராமலட்சுமியையும் பார்க்கவில்லை.

"எப்படி இருக்கே, சுபிக்ஷா?"

அப்பாவும் அம்மாவும் வாயைத் திறந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மூடிக்கொண்டார்கள். வெளியே முப்பத்திரண்டாம் எண்காரர் கதவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சுபி துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"ரொம்ப மோசமா இருக்கு டாக்டர்" என்றாள்.

டாக்டர் நாற்காலியை மேஜைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "சொல்லு" என்றார்.